நாய்க்கு மௌன அஞ்சலியா?

நெடுநாளாக எழுத எண்ணித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த செய்தி இது. எழுதினால் சிலருக்குக் கசக்கும் என்பது தெரியும். கசக்கட்டும் என்ற மனநிலைக்கு வந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில், வீரர் நாளையொட்டி எங்கள் பள்ளிச் சபைகூடலில் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஐந்து நிமிடந்தான் (வகுப்பறைத் தூய்மைப் போட்டியின் முடிவுகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்!). சூலை 31 ஏன் வீரர் நாளாயிற்று என்று கேட்டேன். மாணவர்களுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் நின்ற ஆசிரியர் சிலருக்கும் தெரியவில்லை என்பதை அவர்தம் முகங்கள் காட்டின. 1948இல் மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள்தான் முடிவுக்கு வந்தது என்று சொன்னேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காடுகளில் மாண்ட படைவீரர்களையும் காவலர்களையும் பற்றிச் சொன்னேன். 1951இல் குளுவாங் பகுதியில், காலிலும் கையிலும் குண்டடிபட்ட பின்னும் காயமுற்ற தோழனைப் புதருக்குள் இழுத்துச் சென்று தனியொருவராய்க் காத்து நின்ற சரவாக்கைச் சேர்ந்த இபான் தடங்காணி அவாங் அனாக் ராவெங் பற்றிச் சொன்னேன். மாணவர்கள் கண்கொட்டாமல் கேட்டார்கள்.

பிறகு லக்கி என்னும் நாயைப் பற்றிச் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை.

லக்கி, செர்மன் செப்பர்ட் இனத்தைச் சேர்ந்த தடங்காணும் நாய். பிரிட்டிஷ் வான்படைக் காவல் பிரிவுக்குச் சொந்தமானது. பாபி, ஜாஸ்பர், லாசி, லக்கி என நான்கு நாய்கள் 1949ஆம் ஆண்டு தொடங்கி நம் நாட்டுக் காடுகளில் பணியாற்றின. காவல்துறையோடும் கூர்க்கா வீரர்களோடும் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் சிலவற்றோடும் சென்றன. மோதலின் இறுதிவரை உயிரோடு எஞ்சியது லக்கி ஒன்றே. 2007ஆம் ஆண்டு அந்த நான்கு நாய்களின் பணிக்காக லக்கியின் பெயரில் டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. முதுமையடைந்திருந்த அதன் பராமரிப்பாளர் அதனைப் பெற்றுக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு, வீரர்களுக்கும் அவர்களோடு சென்ற இந்த உயிர்களுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றேன். நின்றோம்.

மறுநாள் காலையில் ஒரு தந்தையார் ஆசிரியர் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஓடியாடி உழைப்பவர். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பட்டாளத்துக்காரங்களுக்கு மௌன அஞ்சலி சரி. நாய்க்குமா? பையன் வீட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்" என்றார். அவர் நேரில் வந்து சொன்னதை நான் மதிக்கிறேன். அன்று மாலையே பெற்றோரின் புலனக் குழுவில் வேறொருவர் எழுதியிருந்தது அதைவிடக் கூர்மையாக இருந்தது. சயாமில் செத்த தமிழனுக்காக இந்த வாத்தியார் என்றைக்காவது ஒரு நிமிடம் நின்றதுண்டா, வெள்ளைக்காரன் நாய்க்கு மட்டும் நிற்கிறாரே என்பது அதன் சாரம். அதற்கு இருபத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள்.

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

நாயை நினைவுகூர்வது வீரனுக்கு இழுக்கு என்போர், அந்த நாய் காட்டில் என்ன செய்தது என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தடங்காணும் நாய் அணியின் முன்னே செல்லும். அதன் கயிற்றைப் பிடித்தபடி பராமரிப்பாளர் செல்வார். அவருக்குப் பின்னால்தான் துப்பாக்கி ஏந்தியவர்கள் வருவார்கள். பதுங்கியிருப்பவன் சுட்டால் முதல் குண்டு யார் மீது பாயும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் காட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்பவனைக் காண முடியாது. ஒரு பெருமழை பெய்தால் மோப்பம் கரைந்துவிடும். அட்டையும் சேறும் புழுக்கமும் மனிதனை வாட்டியது போலவே நாயையும் வாட்டின. இரவில் அணி உறங்கும்போது, மனிதச் செவிக்கு எட்டாத காலடியை அதுதான் முதலில் கேட்கும். அதனோடு சென்று உயிரோடு திரும்பிய வீரர்கள்தாம் தங்கள் நாய்க்கு மதிப்புத் தர வேண்டும் என்று கேட்டவர்கள். அவர்களுக்கு இழுக்காகத் தெரியாதது, காட்டுக்கே போகாத நமக்கு எப்படி இழுக்காகிறது?

"நாய்" என்பது நம் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது என்பதுதான் உண்மையான காரணம். வெள்ளிக்கிழமைதோறும் வைரவர் சந்நிதியில் நாய் வாகனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்; வெளியே வந்து காரைத் திறக்கும்போது காலடியில் ஒன்று நின்றால் எட்டி உதைப்போம். தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று தருமர் நின்ற கதையைப் பிள்ளைகளுக்கு நாமே சொல்கிறோம். கதையில் இருந்தால் அறம். சபைகூடலில் சொன்னால் கேலி!

"இதெல்லாம் மேல்நாட்டார் பழக்கம்" என்றும் ஒரு நண்பர் சொன்னார். இதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையிலேயே சினம் வந்தது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டில் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கான கல் அது. அதில் வீரன் நிற்கிறான். அவனுக்குப் பின்னே ஒரு நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது 1943இல்! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒரு நாயின் பெயரையும் அது செய்த செயலையும் கல்லில் பொறித்துவிட்டார்கள். கருந்தேவக்கத்தியின் உறவினர் எவரும், நாயை உடன் செதுக்கினால் எங்கள் வீரனுக்கு இழுக்கு என்று சிற்பியைத் தடுத்ததாகத் தெரியவில்லை. மொழி வாழ்த்துப் பாடும்போது மட்டும் தொன்மை பேசும் நாம், அந்தத் தொன்மை எதைச் செய்தது என்று பார்ப்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு விடை சொல்வது எளிதன்று. அதற்குள் இரண்டு காயங்கள் இருக்கின்றன.

ஒன்று, லக்கி யாரைத் துரத்தியது என்பது. அவசரகாலத்தில் துரத்தப்பட்டவர்களுள் தமிழரும் இருந்தனர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காட்டிலிருப்போருக்குச் சோறு போய்விடக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட வாசலில் திறந்து பார்ப்பார்களாம். "பட்டாளமும் நாயும் வந்தா பிள்ளைங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திருவோம்" என்பார். ஆகவே, தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவர் லக்கியின் கதையைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆயினும் இதையும் மாணவர்களிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது என் துணிபு. நாய்க்குக் கட்சி தெரியாது, கொள்கை தெரியாது. கயிற்றைப் பிடித்திருந்த மனிதனை அது நம்பியது. அவன் காட்டிய தடத்தில் சென்றது. போரைத் தொடங்குவது பற்றி நாயிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. பத்துகாஜாவில் புதைக்கப்பட்டிருக்கும் பத்தொன்பது, இருபது அகவை இளைஞர்களிடமும் கேட்கவில்லை. கணபதியின் பெயரையும் லக்கியின் பெயரையும் ஒரே பாடத்தில் சொல்லும் துணிவு எனக்குச் சென்ற ஆண்டு இல்லாமற் போயிற்று. ஐந்து நிமிடத்தில் முடியாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தப் புலனச் செய்தியில் எனக்கு உறைத்த பகுதி இதுதான்.

இரண்டாவது காயம், சயாம்.

இதற்கு இன்னொரு நாயின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. ஜூடி என்பது அதன் பெயர். 1936இல் சாங்காயில் பிறந்த பாயிண்டர் இன நாய். பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிப் படகுகளில் மாலுமிகளின் செல்லமாக வளர்ந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்வதற்கு முன், அது இருந்த கிராசாப்பர் என்னும் கப்பல் அங்கிருந்து தப்பிப் புறப்பட்டது. சப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கி அழித்தன. உயிர் பிழைத்தோர் நீரில்லாத தீவு ஒன்றில் ஒதுங்கினர். ஜூடி கடற்கரையைத் தோண்டி நன்னீர் ஊற்றைக் காட்டியது. பிறகு சுமத்திராவில் அனைவரும் சிறைப்பட்டனர். மேடான் முகாமில் பிராங்க் வில்லியம்ஸ் என்னும் வான்படை வீரர் தம் பங்குச் சோற்றை அதனோடு பகிர்ந்துகொண்டார். அங்குச் சோறு என்பது ஒரு கைப்பிடி. காவலர்கள் எந்நேரமும் நாயைச் சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சிய அவர், முகாம் தளபதியிடம் பேசி அதனைப் போர்க்கைதியாகவே பதிவு செய்ய வைத்தார். எண் 81அ, மேடான். இரண்டாம் உலகப் போரில் முறைப்படி பதிவு பெற்ற ஒரே விலங்குக் கைதி அதுதான்.

1944 சூனில் கைதிகளை ஏற்றிச் சென்ற வான் வார்விக் என்னும் கப்பல் நீர்மூழ்கியின் குண்டுக்கு இரையானது. வில்லியம்ஸ் நாயைக் கப்பலின் வட்டச் சாளரத்தின் வழியே கடலில் தள்ளிவிட்டுத் தாமும் தப்பினார். நீரில் தத்தளித்த மனிதர் சிலரை ஜூடி கரைசேர உதவியது. பிறகு இருவரும் ஒரே முகாமில் மீண்டும் சந்தித்துப் பெக்கான்பாரு இரயில்பாதைப் பணியில் அல்லற்பட்டனர். அந்தப் பாதை முடிந்த நாள் 1945 ஆகத்து 15. சப்பான் சரணடைந்த அதே நாள்! அங்கே சாவகத் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்தனர். ஜூடி உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தது. 1946 மே திங்களில் டிக்கின் பதக்கம் பெற்றது.

இப்போது சயாமுக்கு வாருங்கள். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில்பாதை 1943 அக்டோபரில் முடிவடைந்தது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயரும் படைப்பிரிவும் பொறித்துப் பேணுகிறார்கள். நம்மவர்? மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் சரக்கு வண்டியிலும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாய்ச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர் இறந்தோர் தொகை போர்க்கைதிகளின் தொகையைப் போலப் பன்மடங்கு. அவர்களுக்கு முறையான பெயர்ப்பதிவு இல்லை. என் தாத்தாவின் தம்பி ஒருவர் போனார், திரும்பவில்லை. எந்த முகாம், எந்த ஆண்டு, எரித்தார்களா புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. ஒரு நாய்க்கு எண் இருந்தது. அவருக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் நண்பர்கள் பலரும் நாயின் மீது கோபம் கொள்கிறார்கள். நாய்க்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு. அந்த எண் தானாக வந்ததா? எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒரு கைதி, அடி விழும் என்று அறிந்தும் தளபதியின் முன் போய் நின்று கேட்டு வாங்கினார். போர் முடிந்த பின்னும், அவரும் தோழர்களும் ஓயாமல் பேசியும் எழுதியும் அதன் பெயரைக் காப்பாற்றினார்கள். சிங்கப்பூர்க் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில் கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியப் படைவீரர் பெயர்களும் மிகுதி. நம் பெயர்களும் கண்ணில் படுகின்றன. நானே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் எவரோ ஒருவர் ஏட்டில் எழுதி வைத்திருந்ததால் அது சுவருக்கு வந்தது. நாயின் பெயரை எழுதி வைத்தவர்களும் இந்த மனிதர்களின் பெயர்களை எழுதி வைத்தவர்களும் ஒரே கூட்டத்தார்தாம்.

சயாமிலிருந்து திரும்பிய நம் முதியவர்கள் 1945க்குப் பிறகு முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நம்மிடையே உயிரோடு இருந்தார்கள். தோட்டக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் எழுதினோமா? ஒரு சிலர் எழுதினர், அவர்களை வணங்குகிறேன். மற்ற நாமெல்லாம் திருவிழா வரவுசெலவை எழுதினோம். காஞ்சனபுரியில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுந்தது 2023இல். எண்பது ஆண்டு! அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நன்றி. அத்தனை காலம் எது நம்மைத் தடுத்தது என்று புலனக் குழுவில் கைதட்டிய அந்த இருபத்தேழு பேரையும் கேட்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். லக்கியும் ஜூடியுமா தடுத்தன?

உழைத்த உயிரை மறப்பவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதற்கு வியட்நாம் போர் ஒரு சான்று. அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 4000 நாய்கள் அங்கே பணியாற்றின. தாய்நாடு திரும்பியவை ஏறத்தாழ 200தான். எஞ்சியவற்றைத் தேவைக்கு மிஞ்சிய தளவாடம் என்று கணக்கெழுதிக் கைவிட்டனர்; பலவற்றைக் கொன்றனர். தம் உயிரைக் காத்த நாயைக் கூண்டில் விட்டுவிட்டு விமானம் ஏறிய வீரர்கள் முதுமையிலும் அதை எண்ணி அழுதார்கள். 2000ஆம் ஆண்டில்தான் ஓய்வுபெற்ற படைநாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. "தளவாடம்" என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு நம் பழைய தோட்டக் கணக்கேடுகள்தாம் நினைவுக்கு வந்தன. ஆள் எத்தனை, மாடு எத்தனை, வாளி எத்தனை என்று வரிசையாய் எழுதியவர்கள் அங்கும் இருந்தார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். "பாடத்திட்டத்தில் இல்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சூலை 31 அன்று கொடிக்கு வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்து நாற்பது நிமிடத்தைப் போக்குகிறோமே, அது மட்டும் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? என் வகுப்பில் லக்கியின் கதையைக் கேட்டுச் சிரித்த மாணவன் ஒருவன் உண்டு. முதலில் வந்த அந்தத் தந்தையாரின் மகன்தான். கதையை முழுதாகச் சொன்ன நாளில் அவன் சிரிக்கவில்லை. "மத்த மூணு நாயை எங்க சார் புதைச்சாங்க?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அதே மூச்சில், "உங்க தாத்தாவோட தம்பியை?" என்றான். அதற்கும் தெரியவில்லை.

அன்றுதான் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். ஐந்தாம் ஆண்டு மாணவர் முப்பத்திரண்டு பேரிடம், வீட்டில் கேட்டு வரச் சொன்னேன்: போர்க்காலத்தில் சயாமுக்கோ, இந்திய தேசியப் படைக்கோ, பிரிட்டிஷ் படைக்கோ, காட்டுக்கோ சென்ற உறவினர் எவர்? பத்தொன்பது பேர் வெறுங்கையோடு வந்தனர். பதின்மூவர் ஏதோ எழுதி வந்தனர். அவற்றுள்ளும் ஆறில் "பெரிய தாத்தா" என்று மட்டுமே இருந்தது, பெயர் இல்லை. என் கேள்விகளுள் இல்லாத ஒன்றையும் ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் கொள்ளுத்தாத்தாவைச் சயாமுக்கு லாரியில் ஏற்றியபோது, வீட்டு நாய் சாலை முனைவரை ஓடிப் போயிற்றாம். பல நாள் அங்கேயே கிடந்ததாம். நாயின் பெயர் மணி. கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயர் அந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

இவ்வாண்டு வீரர் நாள் சபைகூடலில் எனக்குப் பதினைந்து நிமிடம் தர வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கோவிவனில் தொடங்கப் போகிறேன். லக்கி உள்ளிட்ட நான்கின் பெயர்களும் உண்டு, ஜூடியும் உண்டு, கணபதியும் உண்டு. பிறகு குறிப்பேட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக, அந்தந்த வீட்டுப் பிள்ளையே வாசிக்கும்.

பெற்றோர் ஒத்துழைக்க வேண்டுகிறேன். இப்பதிவைப் படிப்போரும், வேறு பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோராயினும், அனுப்பலாம். பெயர் தெரியாவிட்டால் உறவுமுறையை எழுதுங்கள். திரும்பி வந்தவராயின் அதையும் குறிப்பிடுங்கள். பழைய நிழற்படம் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டா. படியெடுத்து அனுப்பினால் போதும். தோட்டத்தின் பெயர் கட்டாயம் வேண்டும். துரை வைத்த பெயர் ஒன்று, நம்மவர் வாயில் வழங்கிய பெயர் ஒன்று என இரண்டிருந்தால், இரண்டையும் எழுதுங்கள்.